கம்பி வேலி மட்டும் ஏன் ஊருது? வீடியோ கேம்ல ரம்பப்பல் மாதிரி தெரியுற விளிம்பு அனுபவங்கள்

வேலிக்கம்பி:
எக்ஸ்பாக்ஸ் 360, 720பி, 4எக்ஸ் எம்எஸ்ஏஏ (ஒரு பிக்சலை 4 இடத்துல, அதாவது 4 சாம்பிளா சோதிச்சு விளிம்பை வழவழப்பாக்குற முறை). கட்டட விளிம்பெல்லாம் வழவழன்னு இருக்கு. அதே ஃபிரேம்ல கம்பி வேலி மட்டும் கேமரா அசைஞ்சா எறும்பு ஊர்ற மாதிரி மினுங்குது. வேலிங்கிறது ஒரே ஒரு தட்டைச் சதுரம். ஓட்டையெல்லாம் டெக்ஸ்சரோட (மேல ஒட்டுற படம்) ஆல்பாவுல (எங்கே தெரியணும், எங்கே தெரியக்கூடாதுங்கிற அளவு) இருக்கு. எம்எஸ்ஏஏ முக்கோண விளிம்பைத்தான் கவனிக்கும். ஷேடர் (நிறத்தைக் கணக்கிடுற நிரல்) பிக்சலுக்கு ஒரு தடவைதான் ஓடும், ஆல்பா டெஸ்ட் அந்த ஒரே மதிப்பை வெச்சு 4 சாம்பிளையும் மொத்தமா வெட்டிடும். ஆல்பா-டு-கவரேஜ் (ஆல்பா அளவுக்கு ஏத்தபடி சில சாம்பிளை மட்டும் நிரப்புறது) போட்டதும் ஊர்றது அடங்கிச்சு. ஆனா 4 சாம்பிளுக்கு 5 படிதான், கிட்டப் போனா புள்ளி புள்ளியா தெரியும்.

டைல் கணக்கு:
4எக்ஸ்னு சுலபமா சொல்லிட்டீங்க. ஈடிரேம் (360-ல படம் வரையுற வேகமான தனி மெமரி) இருக்கிறது 10 எம்பி. 1280×720, கலருக்கு 4 பைட், டெப்துக்கு (தூர அளவு) 4 பைட்: ஏஏ (விளிம்பை வழவழப்பாக்குறது) இல்லாமலே 7 எம்பி. 2எக்ஸ்னா 14, அதாவது படத்தை 2 டைலா (துண்டா) பிரிச்சு வரையணும். 4எக்ஸ்னா 28, 3 டைல். டைல் எல்லையில நிக்கிற மாடலை ரெண்டு தடவை வரையணும். அதனாலதான் நிறைய கேம் ரெசல்யூஷனைக் குறைச்சுது. ஹேலோ 3 ஓடினது 1152×640-ல.

மூணாவது பாஸ்:
ரெண்டு பேரும் எம்எஸ்ஏஏவையே பிடிச்சுத் தொங்குறீங்க. காட் ஆஃப் வார் 3 (2010) பிஎஸ்3-ல எம்எல்ஏஏவை (வரைஞ்சு முடிச்ச படத்துல ரம்பப்பல்லைத் தேடி மழுப்புற முறை) எஸ்பியுக்கள்ல (பிராசஸரோட துணைக் கோர்கள்) ஓட்டுச்சு, ஆர்எஸ்எக்ஸுக்கு (கிராஃபிக்ஸ் சிப்) சுமையே குறைஞ்சுது. நின்னு பார்த்தா அழகு. மின்கம்பி வந்தாதான் சிக்கல்: பிக்சலைவிட மெல்லிசான கம்பி வரையும்போதே துண்டு துண்டா அறுந்துடும். எம்எல்ஏஏ முடிஞ்ச படத்தைத்தான் பார்க்குது, அறுந்த துண்டையெல்லாம் தனித்தனியா மழுப்பி வைக்கும்.

அரை பிக்சல்:
மின்கம்பிக்கு டிஏஏதான் (பழைய ஃபிரேம்களையும் கலந்து விளிம்பை வழவழப்பாக்குற முறை) மருந்து. சுழல்ற மின்விசிறி இறக்கைக்குப் பின்னாடி இழுவிக்கிட்டே போன ஆவி உருவம் மட்டும் மறக்கவே மறக்காது. இறக்கையை வெர்டெக்ஸ் ஷேடர்ல (மாடலோட முனைகளை நகர்த்துற நிரல்) சுத்தியிருக்காங்க, மோஷன் வெக்டர் (பிக்சல் எங்கேர்ந்து நகர்ந்து வந்துச்சுங்கிற குறிப்பு) எழுதலை. டிஏஏவுக்கு அது நிக்கிற பொருள்.

கேட்காட்டியும் சொல்லிடறேன். ப்ரொஜெக்ஷனை (கேமராப் பார்வை) ஃபிரேமுக்கு ஃபிரேம் பிக்சலுக்குள்ளேயே நகர்த்துங்க, ஹால்டன் வரிசையில (புள்ளிகளைச் சீராப் பரப்புற எண் வரிசை) 8 புள்ளி போதும். பழைய ஃபிரேம் 90 சதவீதம், புதுசு 10. பழைய நிறத்தைச் சுத்தியிருக்கிற 3×3 பிக்சலோட எல்லைக்குள்ள அடக்குங்க. இதை விட்டா ஆவிதான். வெக்டரை அந்த 3×3-ல கேமராவுக்குக் கிட்ட இருக்கிற பிக்சல்லேர்ந்து எடுங்க, இல்லேன்னா ஓடுற ஆளோட விளிம்புல ரம்பப்பல் திரும்ப வந்துடும். டோன்மேப்புக்கு (பிரகாசத்தைத் திரை காட்டுற அளவுக்குச் சுருக்குறது) முன்னாடி கலந்தா ஒரே ஒரு பளீர் பிக்சல் சராசரியைத் தின்னுடும். பிரகாசத்துக்கு ஏத்தபடி எடையைக் குறைங்க. மிப் பயாஸ் (டெக்ஸ்சர் எவ்வளவு நுணுக்கமா வரணுங்கிற அளவு) -0.5 வெச்சா மங்கல் கொஞ்சம் தெளியும். எழுத்து, மீட்டர் எல்லாம் டிஏஏ முடிஞ்ச பிறகு வரையணும்.

வேலிக்கம்பி:
நான் கேட்டது 360 வேலியைப் பத்தி! அதுல ஹிஸ்டரிக்கு (டிஏஏ சேர்த்து வைக்கிற பழைய ஃபிரேம்) இன்னொரு முழு பஃபர் மெமரி எங்கேர்ந்து வரும்?

மூணாவது பாஸ்:
அதுக்கு முன்னாடி டிவியில ஷார்ப்னெஸ் எவ்வளவுன்னு பாருங்க. கூட வெச்சிருந்தா வேலிக்கம்பிக்கு ரெண்டு பக்கமும் வெள்ளைக்கோடு போடும். ஓவர்ஸ்கேனையும் அணைச்சுடுங்க, படத்தை இழுத்துப் பெருசாக்கினா ஏஏ செஞ்ச வேலையும் கலைஞ்சுடும்.