ஜீப்ரா கோடு இருந்தும் ரோட்டைக் கடக்க முடியவில்லை: நடப்பவர் செய்ய வேண்டியது என்ன, ஓட்டுபவர் செய்ய வேண்டியது என்ன?

கேள்வி: குடியிருப்போர்சங்கம்

சென்னைப் புறநகரில் ஒரு நான்கு வழிச் சாலை. நடுவில் மீடியன், பக்கத்துக்கு இரண்டு லேன், ஒரு பக்கத்தின் அகலம் 7 மீட்டர். பஸ் ஸ்டாப்பைத் தாண்டினதும் ஜீப்ரா கோடு இருக்கிறது, சிக்னல் கிடையாது. காலையில் பள்ளிப் பிள்ளைகளும் மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களும் கடப்பது அங்கேதான்.

சங்கக் கூட்டத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறார்கள். "கோட்டில் கால் வைத்தாலே வண்டி நிற்கணும்" என்பது ஒரு கட்சி. "பார்த்துக் கடக்காதது நடப்பவர் தப்பு" என்பது இன்னொன்று. வீடு வீடாகக் கொடுக்க ஒரு பக்க நோட்டீஸ் அச்சடிக்கப் போகிறோம். பாதி நடப்பவருக்கு, பாதி ஓட்டுபவருக்கு. "கவனமாகச் செல்லவும்" மாதிரி வரிகள் வேண்டாம், எத்தனை மீட்டர், எத்தனை விநாடி என்று வேண்டும். நடைமேம்பாலம் கேட்டு மனுவும் தயாராகிறது. அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: சாலைப்பொறி

முதலில் விநாடிக் கணக்கு. நல்ல உடம்புள்ளவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார். சிக்னல் நேரம் வைக்கிறவர்களும் இந்த அளவைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 7 மீட்டருக்கு 6 விநாடி ஆகும். முட்டி வலி உள்ள பெரியவர் 0.8 மீட்டர்தான் நடப்பார், அவருக்கு 9 விநாடி. 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 14 மீட்டர் ஓடும். ஆக, இளையவர் கடந்து முடிப்பதற்குள் அது 84 மீட்டர் வந்துவிடும், பெரியவர் கடப்பதற்குள் 126 மீட்டர்.

தூரத்தைக் கண்ணால் மீட்டரில் அளக்க யாராலும் முடியாது. அதனால் நோட்டீஸில் விளக்குக் கம்பத்தை அளவாகப் போடுங்கள். உங்கள் ரோட்டில் கம்பத்துக்குக் கம்பம் எவ்வளவு என்று ஒருமுறை டேப் பிடித்துப் பாருங்கள். 30 மீட்டர் என்றால், வண்டி நாலாவது கம்பத்துக்கு அப்பால் இருக்கும்போது இளையவர் இறங்கலாம். பெரியவரோ, குழந்தையைக் கையில் பிடித்திருப்பவரோ ஆறாவது கம்பம் வரை காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன கணக்கைவிட ஒன்றிரண்டு கம்பம் கூட்டியிருக்கிறேன். யோசிக்க ஒரு விநாடி போகும், எல்லோரும் 50-ல் வருவதும் இல்லை.

மீடியன் உள்ள ரோட்டை இரண்டு ரோடாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் வண்டி வலப்பக்கமிருந்து வரும். மீடியனில் நின்று, புதிதாக இடப்பக்கம் பார்த்து, பிறகு இறங்க வேண்டும். நம் ஊரில் இரண்டு பாதியிலுமே எதிர்ப்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்தாக வேண்டும். யு-டர்ன் வரை போக மனமில்லாமல் தப்பான திசையில் வரும் டூவீலர் மீடியனை ஒட்டியேதான் வரும்.

இறங்கிய பிறகு ஓடவும் கூடாது, பின்வாங்கவும் கூடாது. பைக்காரர் உங்கள் நடையைக் கணித்து முதுகுப் பக்கமாகப் போகத் திட்டமிட்டிருப்பார். ஹாரனுக்குப் பயந்து ஓர் அடி பின்னால் வைத்தால் நேராக அவர் மேல்தான் போவீர்கள். ஒரே வேகத்தில் நடங்கள். கை காட்டுவது நல்லது, ஆனால் அது உங்களைப் பார்க்க வைக்கும், அவ்வளவுதான். வண்டியின் மூக்கு லேசாகக் கீழே அமுங்கினால் பிரேக் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகு அந்த லேனுக்குள் போங்கள்.

பதில்: ஸ்டீயரிங்பாடம்

நடப்பவர் பாதியை மேலே சொல்லிவிட்டார்கள். ஓட்டுபவர் பாதியில் பாரம் அதிகம், நோட்டீஸில் அதற்கு இடமும் அதிகம் ஒதுக்குங்கள்.

காய்ந்த ரோடு, நல்ல டயர், கவனமாக ஓட்டுகிறவர் என்றே வைத்துக்கொள்வோம். கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. 30 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு விநாடியில் 8 மீட்டர், பிரேக் பிடித்தபின் 5 மீட்டர், ஆக 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50-ல் அந்த முதல் விநாடியிலேயே 14 மீட்டர் போய்விடும். அதாவது 30-ல் வந்தவர் நின்று முடித்த இடத்தை, 50-ல் வந்தவர் பிரேக்கைத் தொடாமலே முழு வேகத்தில் தாண்டுகிறார். மொத்தம் 28 மீட்டர் வேண்டும். மழை ஈரத்தில் 38 மீட்டர் ஆகலாம். போனைப் பார்த்தபடி ஓட்டினால் அந்த ஒரு விநாடி இரண்டு மூன்றாகும்.

அதனால் கோடு கண்ணில் பட்டதுமே, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 50 மீட்டருக்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு பார்வை. ஆள் நின்றால் பிரேக்கை இரண்டு தடவை லேசாகத் தொட்டு, சிவப்பு விளக்கைப் பின்வண்டிக்குக் காட்டிவிட்டு நிறுத்தணும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் நல்ல மனசு உள்ளவர்களே தப்பு செய்கிறார்கள். கோட்டை ஒட்டி நிறுத்தினால், உங்கள் வண்டியே நடப்பவரை மறைக்கும் சுவராகிவிடும். பக்கத்து லேனில் வருபவருக்கு அவர் தெரியமாட்டார், நீங்கள் எதற்கு நின்றீர்கள் என்று புரியாமல் வேகமாகத் தாண்டுவார். இரண்டு லேன் ரோட்டில் ஜீப்ரா கோட்டின் மேலேயே அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். நாலைந்து மீட்டர் தள்ளி நிறுத்தினால் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியும். கோட்டுக்கு முன் ஒரு வண்டி நின்றிருந்தால், பின்னால் வருபவர் அதை முந்தவே கூடாது.

"போங்க போங்க" என்று கை காட்டாதீர்கள். உங்கள் லேனுக்குத்தான் நீங்கள் பொறுப்பு, அடுத்த லேனுக்கு உங்களால் உத்தரவாதம் தர முடியாது. ஹெட்லைட்டை அடித்துக் காட்டுவதும் வேண்டாம். நம் ரோட்டில் அதற்கு "நான் வருகிறேன், நில்" என்றும் பொருள், "நீ போ" என்றும் பொருள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி பஸ்ஸின் முன்னாலேயே குறுக்கே நடக்கக் கூடாது என்பதை நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுங்கள். டிரைவர் சீட்டிலிருந்து பஸ்ஸின் மூக்கடியில் நிற்கும் சின்னப் பிள்ளை தெரியாது. பஸ்ஸை வலப்பக்கம் முந்துகிறவருக்கும் தெரியாது. பஸ் போன பிறகு கடப்பது ஒன்றே வழி.

பதில்: வழக்குக்கட்டு

இரண்டு கட்சிக்கும் பதில்: 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள்படி, சிக்னல் இல்லாத ஜீப்ரா கோட்டில் ஓட்டுபவர் வேகம் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும். முன்னால் வண்டிகள் தேங்கி நிற்கும்போது கோட்டின் மேல் ஏறி நிற்பதும் கூடாது. நடைபாதையில் வண்டி ஓட்டவும் கூடாது. இது தயவு அல்ல, கடமை.

அதற்காக, கோட்டில் இருந்தால் எப்படி வேண்டுமானாலும் இறங்கலாம் என்றும் இல்லை. பத்து மீட்டரில் வந்துவிட்ட வண்டியின் முன் திடீரென்று இறங்கினால், இழப்பீட்டு வழக்கில் நடப்பவர் பங்குக் கவனக்குறைவு என்று ஒரு சதவீதம் போட்டு அந்த அளவுக்குத் தொகையைத் தீர்ப்பாயம் குறைக்கலாம். கோட்டுக்கு வெளியே கடந்தார் என்ற ஒரே காரணத்துக்காக முழுப் பழியும் அவர் மேல் விழுந்துவிடாது. வேகம், வெளிச்சம், பிரேக் தடம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சின்னக் குழந்தைகள் விஷயத்தில் பொதுவாக இந்தப் பங்குக் கணக்கைப் போடுவதில்லை.

இடித்த வண்டி நிற்காமல் போய் அடையாளமும் தெரியவில்லை என்றாலும் வழி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். எஃப்.ஐ.ஆர். நகல் இதற்கு அவசியம்.

கேள்வி கேட்டவர்: குடியிருப்போர்சங்கம்

மூவருக்கும் நன்றி. கம்பக் கணக்கை அப்படியே போடுகிறோம். இன்னும் ஒன்று: உள்தெருக்களில் நடைபாதையே கிடையாது. எந்தப் பக்கம் நடக்கச் சொல்வது? இடப்பக்கம் என்றுதான் பெரியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: ஸ்டீயரிங்பாடம்

வலப்பக்கம், சார். இடப்பக்க நடை வண்டிக்குத்தான். நடைபாதை இல்லாத தெருவில் இடப்பக்கம் நடந்தால் உங்கள் பக்கம் வரும் வண்டி முதுகுக்குப் பின்னால் வரும். வலப்பக்கம் நடந்தால் எதிரே வரும், ஒதுங்க இரண்டு விநாடியாவது கிடைக்கும். ஒரு விலக்கு: வலப்பக்கம் வளையும் குறுகிய திருப்பத்தில் உள்வளைவில் நடந்தால் சுவர் மறைத்துக்கொள்ளும். அங்கே மட்டும் திருப்பத்துக்கு முன்பே கடந்து வெளிவளைவுக்குப் போய்விட்டு, பிறகு திரும்பி வாருங்கள். இரண்டு பேருக்கு மேல் இருந்தால் ஒருவர் பின் ஒருவராக.

இரவில் கறுப்பு, கருநீல உடையைச் சாதா ஹெட்லைட்டில் 30 மீட்டர் அருகே வந்தால்தான் பார்க்க முடியும். 50-ல் நிற்கவே 28 வேண்டும் என்று மேலே பார்த்தோம். செருப்புக் குதிகாலிலும் பள்ளிப் பையிலும் ஒளி பிரதிபலிக்கும் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். காலில் ஒட்டினது நடக்கும்போது அசையும், அதனால் மனிதர் என்று சட்டென்று தெரியும்.

பதில்: சாலைப்பொறி

மனு பற்றி. நடைமேம்பாலம் கேட்காதீர்கள். அடியில் 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும். 15 செ.மீ. படி என்றால் ஏற 37 படி, இறங்க 37 படி. லிஃப்ட் வைத்தாலும் பராமரிப்பு நின்றுவிட்டால் முட்டி வலிக்காரர் கீழேதான் கடப்பார்.

இவற்றைக் கேளுங்கள். ஜீப்ரா கோட்டை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய மேடைக் கடவை. அதில் வண்டி ஏறி இறங்கியே ஆக வேண்டும் என்பதால் வேகம் தானாகக் குறையும். கிடைக்காவிட்டால் கோட்டுக்கு முன்னால் முறைப்படியான வேகத்தடை: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். தெருவில் குவித்துப் போடும் ஒரு முழ அகல மேடு வேண்டாம், அதில் டூவீலர்தான் கவிழும்.

மீடியனில் கோட்டுக்கு நேராகத் தரைமட்ட வெட்டு, சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் நிற்க 2 மீட்டர் இடம். பஸ் ஸ்டாப் இப்போது கோட்டுக்கு முன்னால் இருக்கிறது. அதைக் கோட்டைத் தாண்டி 20, 30 மீட்டர் தள்ளிப் போடச் சொல்லுங்கள், இறங்குபவர்கள் பஸ்ஸின் பின்பக்கம் கடப்பார்கள். கோட்டுக்கு முன் 10 மீட்டருக்கு ஆட்டோவும் பூக்கடையும் நிற்காமல் கம்பித்தூண் நடச் சொல்லுங்கள். 1.1 மீட்டர் உயரப் பிள்ளை நிறுத்திய காருக்குப் பின்னால் தெரியவே தெரியாது.

விளக்கு கோட்டுக்கு நேர் மேலே வேண்டாம். வண்டி வரும் பக்கத்தில் சில மீட்டர் முன்னால் இருந்தால்தான் நடப்பவரின் உடம்பின் மேல் வெளிச்சம் விழும், இல்லாவிட்டால் நிழலுருவமாகத்தான் தெரிவார். பெயின்ட் என்று மட்டும் எழுதாமல் கண்ணாடி மணி தூவிய தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் உருக்கிப் பூசும் பிளாஸ்டிக்), 2.5 மி.மீ. கனம் என்று எழுதுங்கள். சாதா பெயின்ட் ஒரு மழைக்காலம் தாங்காது.

மனுவோடு ஒரு தாள் இணையுங்கள்: வேலை நாளில் காலை 8 முதல் 9 வரை எத்தனை பேர் கடந்தார்கள், அதில் பிள்ளைகள் எத்தனை, பெரியவர்கள் எத்தனை, எத்தனை வண்டி நின்று வழிவிட்டது. இரண்டு பேர் நின்று எண்ணினால் போதும். சாலை மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் விசாரியுங்கள், தப்பான அலுவலகத்துக்குப் போன மனு திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும்.