அருளானந்தர் சுரூபத்தை மாற்றுவது பற்றி

அன்புள்ள ஊரார் அனைவருக்கும்,

கோவில் வேலைக்குத் தலைக்கட்டுக்கு 5,000 ரூபாய் கேட்டு மடல் வந்ததிலிருந்து எல்லாரும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். போன திருவிழா வரவு செலவு கைக்கு வராமல் ஒரு பைசாகூட அனுப்ப முடியாது என்கிறார் சிங்கப்பூர் மாமா. அவர் கேட்பது நியாயம். பந்தல் செலவு இரண்டு இடத்தில் ஏறியிருப்பதை நானும் பார்த்தேன். அதற்குக் கமிட்டி பதில் சொல்லட்டும். என் கவலை வேறு.

என் சின்ன அத்தை பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்தார். பீடத்தில் அருளானந்தர் இல்லையாம். கோவில் பின்னறையில், பழைய குழாய் ஸ்பீக்கர்களுக்கும் கிழிந்த சமுக்காளத்துக்கும் நடுவே, சுவரைப் பார்த்தபடி வைத்திருக்கிறார்கள். இடது கைக் கட்டைவிரல் உடைந்துவிட்டது. காவி அங்கியில் முழங்காலுக்குக் கீழே பெயின்ட் போய் மரம் தெரிகிறது. அது பூச்சி அரித்த இடம் இல்லை. நம் பாட்டிமார் காலத்திலிருந்து தொட்டுத் தொட்டுக் கும்பிட்ட இடம்.

அவருக்குப் பதிலாக ஃபைபரில் புதுச் சுரூபம் வருகிறதாம், கறுப்பு அங்கியோடு. "வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பண்டாரம் மாதிரி இருக்கிறார் என்கிறார்கள்" என்று கூட்டத்தில் காரணம் சொன்னார்களாம். படித்ததும் மனசு பொறுக்கவில்லை. அவர் காவி உடுத்திய துறவியாக, பண்டாரச்சாமியாகத்தானே நம் மண்ணில் வாழ்ந்தார்?

கறுப்பு அங்கி, அதாவது சேசு சபைக் குருக்களின் உடுப்பு, அவருக்குப் புதிதும் இல்லை. ஜான் டி பிரிட்டோ என்ற பெயரில் 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர், அரண்மனையில் இளவரசர் பேத்ருவோடு வளர்ந்தவர். சிறுவயதில் நோய்வாய்ப்பட்டபோது தாய் சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்ததும் நேர்த்திக்காக ஒரு வருடம் சேசு சபை அங்கியையே போட்டு விட்டார். அந்தப் பையன்தான் 1662-இல் அதே சபையில் சேர்ந்து, 1673-இல் கப்பலேறி, மதுரை மிஷனுக்கு வந்து, காவி உடுத்தினார். அவருக்கு முன்னால் வந்த நொபிலி என்ற சேசு சபைக் குருவைப் போலப் பிராமணத் துறவியாக, ஐயர் கோலத்தில் இருந்தவர்கள் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழக முடியாது. பண்டாரச்சாமி எந்தத் தெருவுக்கும் போகலாம். நம் தெருக்களுக்கு அவர் வர முடிந்ததே அந்த உடுப்பால்தான். கறிமீனை விட்டார், வெறுந்தரையில் படுத்தார். 1686-இல் பிடித்துச் சித்திரவதை செய்து இராமநாதபுரம் கொண்டுபோனார்கள். இனி மறவர் நாட்டில் போதிக்கக்கூடாது என்று சொல்லி அந்த நாட்டு அரசர் கிழவன் சேதுபதி விட்டுவிட்டார். அதன்பின் சபையார் அவரை லிஸ்பனுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கேயே வசதியாக இருந்திருக்கலாம். அவரோ 1690-இல் மறுபடி இங்கே வந்தார்.

அப்புறம் நடந்தது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். பல மனைவியர் இருந்த மறவர் தலைவர் தடியத்தேவர் நோய் நீங்கி ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் சாமியார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தியான கடலாயி சேதுபதியின் உறவுக்காரி, அவரிடமே போய் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன் அன்று ஓரியூரில், பாம்பாற்றங்கரையில் தலையை வெட்டினார்கள். செய்தி லிஸ்பனுக்குப் போனபோது அவருடைய தாய் துக்க உடை உடுத்தாமல், விழாவுக்கு உடுத்துவதை உடுத்தி அரண்மனைக்குப் போனாராம். அந்தத் தாய்க்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லையா?

1947-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதற்கு எவ்வளவோ முன்னாலிருந்தே, சாதி மதம் பார்க்காமல், சனங்கள் ஓரியூர்ச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு போகிறார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா மருந்துக்கு முன்னால் அந்த மண்ணைத்தான் குழைத்து நெற்றியில் இடுவார். காய்ந்ததும் தோல் இழுக்கும், புருவத்தில் பொடி உதிரும். நான் வெளிநாடு கிளம்பிய அன்று கைக்குட்டை முனையில் ஒரு பிடி முடிந்து கொடுத்தார். முடிச்சை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. துணி மட்டும் சிவந்துவிட்டது.

துபாய் மச்சான், பக்கத்து ஊரில் புதுசு வைத்துவிட்டார்கள், நமக்கு மானப்பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து ஊரில் இப்படி ஒரு மரச்சுரூபம் இருந்ததே இல்லை, மச்சான். இருந்திருந்தால் அவர்கள் மாற்றியிருக்க மாட்டார்கள். 98-இல் தேர் விஷயத்தில் என் அப்பாவை என்ன பேசினீர்கள் என்பதை இப்போது நான் எடுக்கவில்லை. ஆனால் அன்றும் நீங்கள் சொன்னது இதே மானத்தைத்தான். அப்பா அதற்குப் பிறகு பத்து வருடம் தேரில் கை வைக்கவில்லை. சாகும்வரை அந்த வருத்தம் அவருக்கு இருந்தது.

கனடா அக்கா சொன்ன யோசனை எனக்குச் சரியாகப் படுகிறது. மரச்சுரூபம் செய்கிற ஆசாரி ஒருவரை வைத்து விரலை ஒட்டி, காவி தீட்டி, திரும்பப் பீடத்தில் ஏற்றிவிடலாம். முழங்கால் பக்கத்தை மட்டும் தீட்ட வேண்டாம், அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். செலவு முழுவதும் என்னுடையது. உபயம் என்று பெயர் எழுத வேண்டாம். ரசீது ஒவ்வொன்றும் சிங்கப்பூர் மாமாவுக்கே நேராகப் போகும்.

அதுவரை, ஊரில் இருக்கிற யாராவது இன்றைக்கே பின்னறைக்குப் போய் அவரைச் சுவரிலிருந்து இந்தப் பக்கம் திருப்பி வையுங்கள்.