பாலிக் பூலாவ் சரிவுக்கு சிமெண்ட் இல்லாத கல்சுவர் தாங்குமா?

டுரியான்காரன்:
பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் அப்பா விட்டுப்போன டுரியான் தோட்டம். பாதையோரச் சரிவில் இருந்த கான்கிரீட் சுவர் போன மழையில் வயிறு தள்ளி வெடித்துவிட்டது. இடுப்பளவு உயரம்தான். தோட்டத்தில் கருங்கல் நிறையக் கிடக்கிறது. கலவையில்லாமல் கல்லடுக்கும் கலையை யுனெஸ்கோ 2018-இல் பட்டியலில் சேர்த்ததாம்: குரோஷியா, கிரீஸ், இத்தாலி என்று எல்லாம் காய்ந்த ஊர்கள். நம்ம மழைக்கு நிற்குமா?

கம்பிக்கூடை:
கெபியன் போடுங்க ப்ரோ, கம்பிக்கூடையில் கல் நிரப்பி அடுக்குறது. சீக்கிரம் முடியும்.

பழைய கொத்தனார்:
தம்பி, மழைக்கு ஏத்த சுவரே இதுதான். உங்க கான்கிரீட்டைத் தள்ளினது மண் மட்டுமில்ல, பின்னால வழியில்லாம தேங்கின தண்ணி. வடிகுழாய் வச்சிருந்தாலும் மண்ணடைச்சிருக்கும். கல்லடுக்கில் ஒவ்வொரு இடுக்கும் வடிகால்தான். எத்தியோப்பியாவில் கொன்சோ மக்கள் மலைச்சரிவு முழுக்க இப்படித்தான் அடுக்கி வெள்ளாமை பண்றாங்க. சில இடத்தில் சுவர் 5 மீட்டர் உயரம்.

எனக்குக் கவலை உங்க கல்லு. பினாங்கு மலைக் கருங்கல் மண்ணுக்குள்ளேயே தேய்ஞ்சு உருண்டையா வெளியே வரும். உருண்டைமேல் உருண்டை உட்காராது. ஆப்பிரிக்காவில் கிரேட் ஸிம்பாப்வேங்கிற பழைய கல்நகரத்திலும் கருங்கல்தான், ஆனா அங்கே பாறை பலகை பலகையா உரியும். அதனாலதான் சுண்ணாம்பே இல்லாம 11 மீட்டர் வரைக்கும் ஏத்தினாங்க. நீங்க ஆப்பு அடிச்சுப் பிளந்து ஒரு தட்டை முகமாவது எடுக்கணும். முடியாட்டி குவாரிக்கல் ஒரு லோரி இறக்குங்க.

கல்லோட நீளம் சுவருக்குள்ளே போகணும். வெளிமுகம் பெரிசா தெரியட்டும்னு குறுக்கே படுக்கவச்சுட்டுக் காசு வாங்கிட்டுப் போற ஆளுங்க இங்கே அதிகம். முகத்துக்குப் பின்னாடி மண்ணை வாரிக் கொட்டாதீங்க. கையளவு கல்லை ஒண்ணொண்ணா வச்சு இறுக்கணும், சுவர் நிக்கிறதும் விழறதும் அங்கேதான். ஏறி நின்னு மிதிச்சா ஒரு கல்லும் 'டொக்'னு ஆடக்கூடாது. அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்கணும். முகம் மேட்டுப்பக்கம் சாயணும்.

தாமான்வாசி:
மலைச்சரிவு வேலை. சிட்டி கவுன்சிலில் கேட்காம தொடங்காதீங்க.

டுரியான்காரன்:
நன்றி அண்ணே. பின்பக்கம் துணி விரிக்கணுமா? அப்புறம், இடுக்கில் பாம்பு குடியேறும்னு அம்மா சண்டை.

பழைய கொத்தனார்:
பின்னாடி இறுக்கின கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில், தண்ணியை விட்டு மண்ணைத் தடுக்கிற வடிதுணி விரிங்க, இல்லாட்டி செம்மண் இறங்கி இடுக்கை அடைச்சிடும். பாம்பு வரும்தான். டுரியான் தோட்டத்தில் இப்போ மட்டும் இல்லையான்னு அம்மாவைக் கேளுங்க.