குட்டி பாத்ரூம், வாடகை வீடு: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். பாத்ரூம் நாலடிக்கு ஆறடிதான், கழிப்பறையும் அதற்குள்ளேயே. குழாயில் தண்ணீர் தினமும் வராது என்பதால் 200 லிட்டர் டிரம் ஒன்று மூலையை அடைத்து நிற்கிறது. அதை எடுக்கச் சொல்லாதீர்கள், வேலைக்கு ஆகாது! அத்தைக்கு உட்கார்ந்து குளிக்க ஸ்டூலும் வேண்டும். அழுக்குத்துணிக் கூடையில் இடித்துக் கதவு பாதிதான் திறக்கிறது.

வீட்டுக்காரர் டைல்ஸில் துளை போட விடமாட்டார். ஒட்டு கொக்கி வாங்கினால், போர் தண்ணீர் உப்பு படிந்த டைல்ஸில் அது பிடிப்பதே இல்லை. ராத்திரியில் ஷாம்பூ பாட்டிலோடு தொப்பென்று விழுகிறது. வினிகரில் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டினால் நிற்குமா?

டிரம்முக்கு மேலே சுவர் காலியாகத்தான் கிடக்கிறது. தரைக்கும் கூரைக்கும் முட்டுக் கொடுத்து நிறுத்தும் கம்பி ஸ்டாண்டு யாராவது வைத்திருக்கிறீர்களா? ஆடாமல் நிற்குமா? டிரம் மூடியைத் திறக்க வழி இருக்க வேண்டும். இரும்பு வேண்டாம், துருக்கறை போகாது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எவர்சில்வரில் செய்து தருபவர்கள் இருந்தால் சொல்லுங்கள். 2,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். அப்புறம், அழுக்குத்துணியை எங்கே போடுகிறீர்கள்?