முட்டை டெம்பரா: எண்ணெய் வண்ணம் வந்ததும் காலாவதி ஆனதா?

கரித்துண்டு:
டெம்பராவைத் தொட்டுக் கும்பிடாத குறையாகப் பேசுகிறவர்கள் கூடிவிட்டார்கள், அதனால்தான் கேட்கிறேன். மஞ்சள் கருவில் நிறப்பொடியைக் குழைத்துத் தீட்டினால் அடுத்த நிமிடமே காய்ந்துவிடுகிறது. ஈரத்தில் இரண்டு நிறங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைக்க வழியில்லை, ஆழமான இருட்டு வராது, தடிமனாகப் போட்டால் விரிசல் விடும். பெல்ஜியத்தின் கெண்ட் நகரத் தேவாலயத்தில் உள்ள பலிபீட ஓவியத்தை ஃபிளெமிஷ் ஓவியர் வான் எய்க் 1432-இல் எண்ணெய் வண்ணத்தில் முடித்தார். அடுத்த நூறு வருடத்துக்குள் இத்தாலியின் பெரிய ஓவியர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். தொழில் தெரிந்தவர்களே விட்டதை நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

மாடப்புறா:
விட்டார்கள் என்பதாலேயே அது தாழ்ந்தது என்று ஆகிவிடாது. டெம்பராவில் நிறத்தைக் கரைப்பதில்லை, மெல்லிய தூரிகையால் கோடு கோடாக அடுக்குகிறார்கள், ஒரு அடுக்கின் வழியே கீழ் அடுக்கு தெரிகிறது. லண்டன் நேஷனல் கேலரியில் மைக்கலாஞ்சலோ பாதியில் விட்ட 'மான்செஸ்டர் மடோனா' இருக்கிறது, அதன் இடது ஓரத்து தேவதூதர்களைப் பாருங்கள். தோல் வரவேண்டிய இடத்தில் பச்சை மண் நிறம் அப்படியே நிற்கிறது. அதன்மேல் வெள்ளையும் சிவப்பும் கோடுகளாக ஏறும்போது அடியிலிருக்கும் பச்சை நிழலில் குளிர்ச்சியாகத் தெரியும், உடலுக்கு உயிர் வருவது அங்கேதான். எண்ணெயில் குழைத்து எடுக்கிற தோல் வேறு, இது வேறு. இத்தாலிய ஓவியர் சென்னினி 1400 வாக்கில் எழுதிய கைநூலில் இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழியின் வெளிர்ந்த கருவையும், முதியவர்களின் கருத்த முகத்துக்குக் கிராமத்துக் கோழியின் சிவந்த கருவையும் எடுக்கச் சொல்கிறார். அவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்கள் வேறு வழியில்லாமலா இதில் வேலை செய்தார்கள்?

பலகைக்காரர்:
நீங்கள் இரண்டு பேரும் கருவையே பேசுகிறீர்கள், வேலையில் பாதி பலகையில் இருக்கிறது. தோல் பசையில் ஜிப்சம் அல்லது சுண்ணக்கட்டியைக் கலந்து அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து ஜெசோ தளம் செய்ய வேண்டும், அதன்மேல்தான் படம். மரம் ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும், மேலே உள்ளது கூடவே அசையும். பழைய ரஷ்ய ஓவியர் ருப்ளேவ் பலகையில் தீட்டிய 'திரித்துவம்' ஐகானை, அதாவது வழிபாட்டுப் படத்தை, 2022-இல் அருங்காட்சியகத்திலிருந்து மடாலயத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தபோது சேதம் தெரிந்தது. பராமரிப்பு வல்லுநர்கள் எதிர்த்தும் 2023-இல் மறுபடி தேவாலயத்துக்கு அனுப்பினார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

கரித்துண்டு:
என் வாதத்துக்கு நல்ல சாட்சி. சுவரை விட்டு நகர்த்தவே பயப்பட வேண்டிய ஊடகம்.

பலகைக்காரர்:
இல்லை, நான் சொன்னதைத் திருப்புகிறீர்கள். நீங்கள் தூக்கிப் பிடிக்கிற கெண்ட் ஓவியமும் ஓக் பலகையில்தான் இருக்கிறது, அதையும் கண்டபடி நகர்த்த முடியாது. அசைவது மரம், பழியை மட்டும் முட்டை மேல் போடுகிறீர்கள். கரு நன்றாக இறுகிய பிறகு நிறம் எண்ணெய் போல மஞ்சளாகவோ கருப்பாகவோ போவதில்லை. ஐகான்களில் நாம் பார்க்கிற கருமை பெரும்பாலும் மேலே பூசிய எண்ணெய்ப் பூச்சு கறுத்தது.

மாடப்புறா:
இன்னொன்று, எண்ணெய் வந்ததும் கரு காணாமல் போகவும் இல்லை. இத்தாலிய ஓவியர் பொத்திச்செல்லியின் எண்ணெய் ஓவியத்திலேயே கருவின் புரதம் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் கொஞ்சம் கரு சேர்த்தால் ஈரம் குறைவாக ஏறுகிறது, மேற்பரப்பில் சுருக்கம் விழுவதும் குறைகிறது என்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் 2023-இல் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். சரி, பழங்கதை வேண்டாம் என்றால் அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வயத்துக்கு வாருங்கள். 1948-இல் எந்தக் கடையிலும் எண்ணெய் வண்ணக் குழாய் கிடைத்தது, அவர் 'கிறிஸ்டினாவின் உலகம்' ஓவியத்துக்கு முட்டையைத்தான் எடுத்தார். அந்தக் காய்ந்த புல்வெளியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக நிற்கிறது, அதற்கு உடனே காய்கிற வண்ணம் வேண்டும்!

கரித்துண்டு:
புல்லுக்குப் பொருந்துகிறது, அதில் சண்டை இல்லை. எனக்கு வேண்டியது டச்சு எண்ணெய் ஓவியர் ரெம்ப்ராண்டின் கடைசிக் காலத் தன்னோவியங்களில் இருக்கிற இருட்டு, முகம் அதிலிருந்து மெல்ல வெளியே வருமே, அது. கோடு கோடாகப் போட்டு அந்த இருட்டைக் கொண்டுவந்த டெம்பரா ஓவியம் இருந்தால் பெயரைப் போடுங்கள், பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.