முகத்துக்கு எடுப்பான நிறத்தை ஏஐயிடம் கேட்கலாமா?

தேயிலைப்பூ (கோத்தகிரி)
தை மாதம் குன்னூரில் என் தம்பிக்குக் கல்யாணம். புடவை எடுக்கப் போவதற்கு முன்னால் என் போட்டோ ஒன்றை சாட்ஜிபிடியில் ஏற்றி, எனக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று கேட்டேன். தோல், முடி, கண் ஆகியவற்றின் நிறத்தை வைத்து ஆட்களை நான்கு பருவங்களாகப் பிரிக்கிற முறை ஒன்று உண்டு. அதில் நான் இலையுதிர்கால வகை என்றது. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, அரக்கு, ஆலிவ் பச்சை எல்லாம் தாராளமாகக் கட்டலாம், வெளிர் ரோஸும் சாம்பலும் வேண்டாம் என்றது.

எனக்கு 31 வயது. இத்தனை வருஷமும் எனக்குச் சொல்லப்பட்டது இதற்கு நேர் எதிர். "உன் நிறத்துக்கு அடிக்கிற கலர் எடுக்காதுடி" என்பார் பெரியம்மா. ஜவுளிக்கடையில் நான் மஞ்சள் புடவையைத் தொட்டால், எடுத்துப் போடுகிறவர் அதை மடித்து வைத்துவிட்டுச் சந்தனக் கலரை விரிப்பார். இந்த முறை செங்கல் சிவப்பில் மெல்லிய சரிகை போட்ட புடவை எடுத்தேன். கண்ணாடி முன்னால் நின்றபோது அழுகை வந்துவிட்டது. இப்படிக் கேட்டுத் துணி எடுத்தவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?

ஊசிநூல் (குன்னூர்)
27 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். உங்கள் சந்தோஷத்துக்குக் குறுக்கே நிற்க வரவில்லை, தங்கச்சி. அந்தப் புடவை உங்களுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் இதைப் படித்துவிட்டு நாலு பேர் போனைக் கேட்டுத் துணி எடுப்பார்கள், அதனால் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு பெண் கடைக்கு வந்தார். போனில் ஏஐ வரைந்த படத்தைக் காட்டினார். அவர் முகம், தோளில் மயில்கழுத்து நிறப் பட்டு, பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. அதே நிறத்தில் ஆன்லைனில் புடவை வரவழைத்து, ரவிக்கை தைக்கக் கொண்டுவந்திருந்தார். வந்ததும் மயில்கழுத்துதான். ஆனால் அது பாவு பச்சை, ஊடை நீலம். நேராகப் பார்த்தால் பச்சை, அசைந்தால் நீலம், கொசுவத்தின் மடிப்புக்குள் இரண்டும் சேர்ந்து கருமை தட்டும். படத்தில் இருந்ததோ சுவருக்கு பெயிண்ட் அடித்த மாதிரி ஒரே நிறம். புடவையைத் தோளில் போடச் சொல்லி அவரை வாசலுக்குக் கூட்டிப் போனேன். அன்றைக்கு நல்ல மூட்டம். அந்த வெளிச்சத்தில் நீலம்தான் மேலே வந்தது, முகம் காய்ச்சலில் கிடந்து எழுந்த மாதிரி தெரிந்தது. அவருக்குப் பேச்சே வரவில்லை. பார்டரில் அரக்கு இருந்ததால் பிழைத்தோம். அந்த அரக்கிலேயே ரவிக்கைத் துணி பிடித்து, கழுத்தைச் சற்று ஏற்றி வைத்து, நீலம் முகத்தை நெருங்காமல் தைத்துக் கொடுத்தேன்.

துணியை முகத்துக்குக் கீழே பிடித்துப் பார்க்காமல் நிறம் சொல்லவே முடியாது.

தேயிலைப்பூ (கோத்தகிரி)
அண்ணா, துணியைப் பிடித்துப் பார்த்தவர்கள்தானே எனக்கு இத்தனை காலம் சந்தனக் கலரைக் கொடுத்தார்கள்? அவர்கள் கண்ணில் கோளாறு இல்லை. கறுப்பாக இருக்கிறவள் கண்ணில் படாமல் அடக்கமாக உடுத்த வேண்டும் என்ற எண்ணம்தான் அந்தக் கையை நகர்த்தியது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அம்மா வெளிர் நீலத்தைத்தான் எடுத்து வைத்தார். மெஷினுக்கு என் பெரியம்மாவையும் தெரியாது, பெண் பார்க்க வந்தவர்களையும் தெரியாது. என்னைப் பார்த்து, 'மஞ்சள் கட்டு' என்று சொன்ன முதல் குரல் அது. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம், எனக்கு அப்படி இல்லை.

லென்ஸ்கண் (ஊட்டி)
ஸ்டுடியோ நடத்துகிறேன். நான் தையல்காரர் பக்கம்.

மெஷின் பார்ப்பது உங்கள் தோலை அல்ல, உங்கள் போன் எழுதிக் கொடுத்த எண்களை. வெளிச்சம் எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதை நிறவெப்பம் என்று கெல்வின் அளவில் சொல்வார்கள். நல்ல உச்சி வெயிலுக்கு அது 5500ஐ ஒட்டி இருக்கும். மேகம் மூடினால் 6500, அதற்கு மேலும் ஏறும், வெளிச்சத்தில் நீலம் கூடும். வீட்டு மஞ்சள் பல்பு 2700தான். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட போன் தானாகவே வெள்ளைச் சமநிலை செய்கிறது, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி எல்லா நிறத்தையும் மாற்றுகிறது. பல நேரம் தப்பாகவும் செய்கிறது. பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவருக்குப் பக்கத்தில் நின்றால் தாடையில் பச்சை ஏறும். என் மகளை ஒரே நாளில் மூன்று இடத்தில் படம் எடுத்து ஏஐயிடம் கொடுத்தேன். மூட்டத்தில் வராந்தாவில் எடுத்ததற்குக் குளிர்கால வகை என்றது, சமையலறை பல்பின் கீழே எடுத்ததற்கு இலையுதிர்காலம் என்றது. ஒரே பிள்ளை, ஒரே முகம்! குளிர் காற்றில் கன்னம் சிவந்திருந்தால் அதையும் தோலின் அடிநிறம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1824இல் பாரிஸில் கோபலான் நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் வலுவைக் குறைத்துக் காட்டின. 1839இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். துணிக்குப் பக்கத்தில் முகம் இருந்தாலும் கதை அதேதான். ஊசிநூல் அண்ணன் அரக்கு ரவிக்கை வைத்துச் செய்தது அந்த வேலை.

கூடலூர்_மழை
கோவையில் கம்ப்யூட்டர் படிக்கிறேன். தேயிலைப்பூ அக்கா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, என் தங்கையும் இதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் மெஷினுக்குப் பெரியம்மாவைத் தெரியாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கோடிக்கணக்கான படங்களையும் எழுத்தையும் பார்த்துக் கற்றது அது, பெரியம்மாக்கள் எழுதியதும் அதில் இருக்கும்.

2018இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் செய்த ஆய்வு ஒன்று. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் தோல் ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருந்தோல் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. அது நிறப் பொருத்தம் சொல்லும் மென்பொருள் இல்லை, பழைய கணக்கும்கூட. ஆனாலும் நம் தோலை மெஷின் எவ்வளவு குறைவாகப் பார்த்து வளர்ந்தது என்று அதிலிருந்து தெரிகிறது. தோலுக்கு 10 படிகள் கொண்ட மாங்க் அளவுகோலை கூகுள் 2022இல்தான் வெளியிட்டது. அதற்கு முன்னால் பரவலாக இருந்தது 6 வகை கொண்ட ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல். அது வெயிலுக்குத் தோல் எப்படிச் சிவக்கும், கருக்கும் என்று பார்க்க ஒரு தோல் மருத்துவர் செய்தது, துணிக்காகச் செய்ததே இல்லை.

அந்த நான்கு பருவ முறையும் பொன்முடி, செம்முடி, நீலக்கண், பச்சைக்கண் இருக்கிற ஊர்களில் உருவானது. நம்மில் பெரும்பாலோருக்குக் கருமுடி, கருவிழி. அதனால் எல்லாரையும் இலையுதிர்காலம், குளிர்காலம் என்ற இரண்டே பெட்டிக்குள் போட்டுவிடும். அப்புறம், நீங்களே சோதிக்க ஒரு வழி: அதே போட்டோவைப் புதிதாக ஏற்றி, 'எனக்கு வெளிர் ரோஸ் ரொம்பப் பிடிக்கும்' என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். நான் தங்கை படத்தை வைத்துக் கேட்டேன். முதலில் வேண்டாம் என்ற ரோஸை, இரண்டாம் முறை 'அழகாகப் பொருந்தும்' என்றது.

தேயிலைப்பூ (கோத்தகிரி)
இப்போதே கேட்டுப் பார்த்தேன், தம்பி. எனக்கும் ரோஸுக்குச் சரி என்று சொல்லிவிட்டது. மனசு கொஞ்சம் கனத்துப் போனது. ஆனால் ஒன்று சொல்கிறேன்: அது என்னிடம் சரியான பதிலைச் சொன்னதா என்பதைவிட, கடைக்காரர் மடித்து வைத்த புடவையை 'மறுபடி விரிங்க' என்று சொல்லும் தைரியம் எனக்கு அதனால்தான் வந்தது. அதை ஷெவ்ரல் தரவில்லை.

வெள்ளைமுண்டு (கோத்தகிரி பக்கம்)
நான் படகர் வீட்டுப் பெண். எங்கள் பாட்டிமார் உடுத்துவது வெள்ளை முண்டு, தலைக்கும் வெள்ளை. ஹெத்தையம்மன் பண்டிகைக்குக் கறுத்தவர், சிவந்தவர் எல்லாரும் வெள்ளையில் வந்து நிற்பார்கள். யாருக்கு எடுக்கிறது, யாருக்கு எடுக்கவில்லை என்று ஒருவரும் பார்ப்பதில்லை. தோடர்களின் பூத்துக்குளிப் போர்வையும் அப்படித்தான்: வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை, ஆண் பெண் இருவருக்கும் அதேதான். அந்தத் தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் பாட்டிக்கு வெள்ளை பொருந்தாது என்று ஒரு மெஷின் சொன்னால், நான் மெஷினைத்தான் மூடி வைப்பேன்.

தேயிலைப்பூ, உங்களுக்கு மஞ்சள் பிடிக்கும் என்றால் அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பெரியம்மா அனுமதியும் வேண்டாம், போன் அனுமதியும் வேண்டாம்.

ஊசிநூல் (குன்னூர்)
தங்கச்சி சொன்னதை ராத்திரி முழுக்க யோசித்தேன். நானும் கறுத்த பிள்ளைகள் வந்தால் கை தானாக வெளிர் துணிக்குப் போனவன்தான். பழக்கம். அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் கல்யாணம் தை மாதம், குன்னூரில், அதுவும் விடியற்கால முகூர்த்தமாக இருக்கும். அந்தக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் யாராலும் உட்கார முடியாது. முகத்தை ஒட்டி நிற்கப்போவது செங்கல் சிவப்பு இல்லை, மேலே போடுகிற ஸ்வெட்டரோ சால்வையோதான். அது என்ன நிறம் என்று ஏஐ கேட்டதா? என்னிடம் தைக்க வந்த இன்னொருவருக்கு, ஜனவரியில் ஊட்டி ரிசப்ஷனுக்குக் கையில்லாத ரவிக்கையும் ஷிஃபானும் சொல்லியிருந்தது. இங்கே புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற மாதம் அது.

தேயிலைப்பூ (கோத்தகிரி)
கேட்கவில்லை, அண்ணா. நானும் சொல்லவில்லை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு சால்வை, சாம்பல் நிறம்.

லென்ஸ் அண்ணன் சொன்னதை வைத்து இன்று காலை செய்து பார்த்தேன். 11 மணிக்கு, வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம், டியூப் லைட்டை அணைத்து, போனில் பியூட்டி ஃபில்டரை எடுத்துவிட்டு, கையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு. அந்தப் படத்துக்கும் இலையுதிர்காலம்தான் வந்தது. பிறகு போனை வைத்துவிட்டு, புடவை மேல் சாம்பல் சால்வையைப் போர்த்திக் கண்ணாடி பார்த்தேன். உதடு வெளுத்துப்போன மாதிரி இருந்தது. அம்மாவின் பழைய கடுகு மஞ்சள் மஃப்ளரைச் சுற்றினேன். பின்னால் நின்ற அம்மா ஒன்றும் பேசவில்லை, மஃப்ளரின் நுனியை மட்டும் இழுத்துச் சரிசெய்துவிட்டார்.

அண்ணா, அந்தக் கடுகு மஞ்சளில் கம்பளித் துணி கிடைத்தால் முழுக்கை ரவிக்கையாகத் தைக்க முடியுமா?

ஊசிநூல் (குன்னூர்)
தைக்கலாம். உள்ளே பருத்தி லைனிங் கொடுத்தால் உடம்பில் குத்தாது. புடவை, மஃப்ளர் இரண்டையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வாருங்கள். 11 மணிக்கு மேல் வந்தால் வாசலில் வெளிச்சம் நன்றாக இருக்கும். அம்மாவையும் கூட்டி வாருங்கள்.