பெற்றோரை நம்மிடம் அழைத்துக்கொண்டபோது

அமெரிக்காவில் வசிக்கும் ஒரு மகன்

என் பெற்றோருக்குக் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்ததை, நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக நெடுநாள் எண்ணியிருந்தேன். எனக்குக் குடியுரிமை கிடைத்த மறுமாதமே இருவருக்கும் தனித்தனியாக, குடும்பத்தினரை அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 மனுவை அனுப்பினேன். 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே பெற்றோருக்காக இம்மனுவைத் தர முடியும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அந்த உரிமை இல்லை. பெற்றோருக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு கிடையாது என்பதால், உடன்பிறந்தவர்களுக்கு மனுப் போட்டுவிட்டுப் பல்லாண்டுகள் காத்திருப்பதுபோல் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாம் எளிதாக நடந்தது. எளிதாக நடந்ததாலோ என்னவோ, இங்கே வந்து குடியிருக்க விருப்பமா என்ற கேள்வியை நான் அவர்களிடம் கேட்கவே இல்லை. எப்போது வருகிறீர்கள் என்றுதான் கேட்டேன்.

வந்தபோது அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. முதல் மூன்று மாதங்கள் மகிழ்ச்சியாகவே கழிந்தன. அதன்பின் நான் கவனித்த முதல் மாற்றம் சிறியது. அப்பாவின் பெயருக்குக் கடிதங்கள் வரும்: வங்கியிலிருந்து, இன்சூரன்ஸ் நிறுவனத்திலிருந்து, மருத்துவமனையிலிருந்து. அவற்றை அவர் பிரிக்காமல் மேசைமேல் ஒழுங்காக அடுக்கிவைத்து, மாலையில் நான் வந்து பிரித்துப் படித்துச் சொல்லும்வரை அருகில் நின்றுகொண்டிருப்பார். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுடைய மனுக்களையும் பத்திரங்களையும் படித்து விளக்கிச் சொன்னவர் அவர். அவர் நின்ற அந்த நிலையை அன்றே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். "விடுங்கள் அப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றே ஒவ்வொரு முறையும் சொன்னேன். அப்படிச் சொன்னால் அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டாவது, நாட்களை எண்ணுவது. கிரீன் கார்டு இங்கேயே குடியிருப்பதற்கான அனுமதி. விரும்பியபோது வந்துபோவதற்கான அனுமதி அன்று. இதை மனுப் போடும்போது நானும் படித்திருந்தேன், ஆனால் அது எழுபது வயதுக்காரர் ஒருவரின் அன்றாட வாழ்வில் என்னவாக மாறும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. 180 நாட்களுக்கு மேல் வெளியே தங்கித் திரும்பினால், புதிதாக உள்ளே வர விண்ணப்பிப்பவரைப்போல் விசாரிக்கலாம். ஓராண்டோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் அந்த அட்டையைக் காட்டித் திரும்பி நுழைய முடியாது. அப்பா ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் புறப்பட்ட நாள், திரும்ப வேண்டிய நாள், மீதமுள்ள நாட்கள் என்று எழுதிவைக்கத் தொடங்கினார். பெரியப்பா நோயில் படுத்தபோது அவரோடு இருக்க அம்மாவையும் அழைத்துக்கொண்டு சென்றவர், பெரியப்பாவின் மறைவுக்குப் பிறகும் காரியங்களை முடித்துவிட்டு ஏழு மாதங்கள் கழித்துத் திரும்பினார். விமான நிலையத்தில் இருவரையும் தனி அறையில் உட்காரவைத்து விசாரித்தார்கள். அந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார் என்று அம்மா சொன்னார். ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

இனி நீண்ட நாள் போவதென்றால் 2 ஆண்டுகள்வரை செல்லுபடியாகும் ரீ-என்ட்ரி பர்மிட் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு இங்கே இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும் என்று அப்பாவிடம் விளக்கினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "திரும்பி வர அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டிய இடம் எப்படிப்பா என் வீடாகும்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குப் பதில் தெரியவில்லை.

நான்காம் ஆண்டில் இருவரும் கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட முடிவு செய்தார்கள். நானும் என் தங்கையும் கடுமையாக எதிர்த்தோம். இன்னும் ஓராண்டு பொறுத்தால், 65 வயதைக் கடந்து 5 ஆண்டுகள் தொடர்ந்து குடியிருந்தவர்கள் என்ற முறையில், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பிரீமியம் கட்டிச் சேர்ந்துவிடலாம் என்பது எங்கள் வாதம். எங்களுக்கு அது பாதுகாப்பாகத் தெரிந்தது. அவர்களுக்கு அது இன்னும் ஓராண்டு எண்ண வேண்டிய நாட்களாகத் தெரிந்தது. தாமாக விட்டுக்கொடுப்பதற்கான ஐ-407 படிவத்தில் கையெழுத்திட்டபோது, நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக அப்பா ஒரு படிவத்தை முழுவதும் தாமே படித்துத் தாமே நிரப்பினார்.

கனடாவிலிருந்து ஒரு மகள்

மேலே எழுதியவரின் தந்தை கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் சிக்கல் வேறு விதமாக வந்தது.

இங்கே பெற்றோரை நிரந்தரமாக ஸ்பான்சர் செய்வது நம் கையில் இல்லை. 2020இல் விருப்பம் பதிவு செய்தவர்களின் பட்டியலிலிருந்தே அடுத்தடுத்த ஆண்டுகளிலும் குலுக்கல் முறையில் அழைத்தார்கள். நான் அப்போது பதிவு செய்யத் தவறிவிட்டேன். அழைப்புக் கிடைத்தாலும், கியூபெக் நீங்கலாக, 20 ஆண்டுகளுக்கு அவர்களின் செலவுக்கு நாம் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். எனவே 2011 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட சூப்பர் விசாவில்தான் அம்மாவை அழைத்தேன். அதில் 10 ஆண்டுகள்வரை பலமுறை வந்துபோகலாம். ஒரு வருகையில் 2 ஆண்டுகள் என்றிருந்த தங்கும் காலமும் பிற்பாடு 5 ஆண்டுகளாகிவிட்டது. அம்மா தம் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தார், விற்றுவிட்டு வரவில்லை. இப்போது நினைக்கையில் அதுவே எங்களைக் காப்பாற்றியது.

சூப்பர் விசாவில் வருபவர்களுக்கு மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு கிடையாது. குறைந்தது 1,00,000 கனடிய டாலர் மதிப்புக்கு, ஓராண்டுக்கேனும் தனியார் இன்சூரன்ஸ் எடுத்தால்தான் விசாவே கிடைக்கும். நானும் எடுத்தேன், கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்த்து எடுத்தேன். ஆனால் உட்பிரிவு ஒன்றைச் சரியாகப் படிக்கவில்லை. ஏற்கனவே உள்ள நோய்கள், காப்பீடு தொடங்கும் நாளுக்கு முந்தைய 180 நாட்களாக மாற்றமின்றி நிலையாக இருந்திருக்க வேண்டும் என்பது அது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு அம்மாவின் மருத்துவர், இரத்த அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது என்று சொல்லி மாத்திரையின் அளவைக் குறைத்திருந்தார். நாங்கள் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டோம். வந்த ஐந்தாம் மாதம் இரத்த அழுத்தம் ஏறி மூன்று இரவுகள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தபோது, மருந்தின் அளவைக் குறைத்ததும் மாற்றமே என்று காரணம் காட்டி நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. மருத்துவமனைக் கட்டணத்தை இரண்டு ஆண்டுகள் தவணையில் செலுத்தினேன்.

பணத்தைவிட என்னை வருத்தியது வேறு. அந்த நிகழ்வுக்குப் பிறகு அம்மா தம் உடம்பில் எது செய்தாலும் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். தலைசுற்றினால் தூக்கம் வருகிறது என்று சொல்லி அறைக்குள் போய்விடுவார். மகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று தம் நோயையே மறைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்து அறையில் படுத்திருப்பார் என்றால், நான் அவரை எதற்காக அழைத்து வந்தேன்? அழைக்க இருப்பவர்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்: முந்தைய ஆறு மாத மருந்துச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு பிரிவை மட்டுமாவது வரி வரியாகப் படியுங்கள். மருந்து அண்மையில் மாறியிருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

மெல்போர்னில் வசிக்கும் ஒரு தாய்

இங்கே பிள்ளைகள் எழுதுகிறார்கள். நான் அழைத்துவரப்பட்டவள். என் வயது 69.

ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான நிரந்தர விசாவுக்கு முதலில் பிள்ளைகளைக் கணக்கெடுப்பார்கள். குறைந்தது பாதிப் பிள்ளைகளாவது அங்கே குடியிருக்க வேண்டும். இல்லையென்றால், வேறு எந்த ஒரு நாட்டில் இருப்பவர்களையும்விட அங்கே இருப்பவர்கள் அதிகமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒருவன் இங்கே, எனவே தேறினேன். என் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் மூன்று நாடுகளில், அவர் தேறவில்லை. மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவளுக்கு எந்த நாட்டிலும் இடமில்லையா என்று அவர் தொலைபேசியில் அழுததை நான் மறக்கவில்லை.

பெருந்தொகை கட்டாத வரிசையில் நின்றால் ஏறக்குறைய 30 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அத்தனை ஆண்டுகள் எங்களிடம் ஏது? ஆகவே ஒருவருக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்ட வேண்டிய பங்களிப்பு விசாவில் என் மகன் என்னை அழைத்தான். அதிலும் பல ஆண்டுகள் காத்திருந்தேன். தம்பி, உங்கள் பெற்றோரிடம் விருப்பத்தைக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கேட்டிருந்தாலும் அவர்கள் உண்மையைச் சொல்லியிருப்பார்கள் என்று உறுதியில்லை. மகன் எனக்காகக் கட்டிய தொகை எவ்வளவு என்று தெரிந்த பிறகு, எனக்கு இங்கே பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓராண்டுக் காலம் யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றே சொன்னேன். பகல் பத்து மணிக்கு எல்லோரும் போன பிறகு, கதவைத் திறந்து தெருவைப் பார்த்துவிட்டு மீண்டும் மூடிக்கொள்வேன். அவ்வளவுதான் என் பகல்.

எனக்கு இரண்டு விஷயங்கள் உதவின. முதலாவது மருத்துவரிடம் நடந்தது. என் மகனோ மருமகளோ கூட வந்து நான் சொல்வதை மொழிபெயர்ப்பார்கள். பெண்களுக்கே உரிய ஒரு தொல்லை எனக்கு இருந்தது. அதை மகன் வாயால் சொல்லவைக்க என்னால் முடியவில்லை, மருமகளிடம் சொல்லவும் கூச்சமாக இருந்தது. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அந்த மருத்துவர் தாமாகவே, தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைக்கட்டுமா என்று கேட்டு மருமகளை வெளியே இருக்கச் சொன்னார். அரசின் மொழிபெயர்ப்புச் சேவை ஒன்று இருக்கிறது, அதற்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை என்பதே அன்றுதான் எங்கள் வீட்டில் எவருக்கும் தெரிந்தது. முகம் தெரியாத ஒரு பெண்ணின் குரல் வழியாக, ஓராண்டாகச் சொல்லாததைச் சொன்னேன். சிகிச்சை எளிதாகவே முடிந்தது. பிள்ளைகளே மொழிபெயர்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளிடம் சொல்லக்கூடாதவை பெற்றோருக்கு உண்டு.

இரண்டாவது, குடியேறியவர்களுக்கு அரசு இலவசமாக நடத்தும் ஆங்கில வகுப்பு. நிரந்தர விசா கிடைத்திருந்ததால் எனக்கு அதில் சேர உரிமை இருந்தது. அங்கே நான் கற்ற ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் வாரத்தில் மூன்று நாட்கள் நானே ட்ராம் ஏறிப் போய், நானே திரும்பினேன். முதல் வாரம் மகன் என் கைபேசியில் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தான் என்று மருமகள் பிறகு சொன்னாள். ஒருமுறை தவறான நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அவனை அழைக்காமல், வகுப்பில் கற்ற இரண்டு வாக்கியங்களைக் கொண்டு வழி கேட்டு வீடு வந்து சேர்ந்தேன். அன்று மாலை மேசையில் எல்லோரும் பேசி முடித்த பிறகு, எனக்கும் சொல்வதற்கு ஒரு செய்தி இருந்தது.

இங்கிலாந்திலிருந்து திரும்பிவிட்ட ஒரு மகன்

எனக்கு அழைத்துக்கொள்ளும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 2012 ஜூலை 9 முதல் அங்கே நடைமுறையில் உள்ள விதியின்படி, முதுமையாலோ நோயாலோ குளிப்பதற்கும் உடுத்துவதற்கும்கூட அடுத்தவர் துணை நீண்ட காலத்துக்குத் தேவைப்படும் பெற்றோர் மட்டுமே விண்ணப்பிக்கலாம். அந்தப் பராமரிப்பு, பிள்ளைகள் பணம் கொடுத்தாலும் சொந்த நாட்டில் கிடைக்காது என்றும் நிறுவ வேண்டும். அப்பா நடமாடியவரை அவர் தகுதி பெறவில்லை. பக்கவாதம் வந்தபின் விண்ணப்பித்தோம், நான் அனுப்பும் பணத்தில் ஊரிலேயே ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று மறுத்துவிட்டார்கள். ஆள் கிடைப்பார் என்பது உண்மைதான். ஆனால் அப்பா இரவில் விழித்துக்கொண்டு என் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டார். பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்த நாட்டை விட்டு நான் கிளம்பி வந்தேன். அவர் அதன்பின் இரண்டு ஆண்டுகள் இருந்தார்.

முதலில் எழுதிய மகன், மீண்டும்

மெல்போர்ன் அம்மாவின் கடிதத்தை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மொழிபெயர்ப்பாளர் பற்றிய பகுதியில் என்னை நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை படிக்கச் சொன்னார். இங்கும் அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்து தர வேண்டும். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. அம்மா எதை என்னிடம் சொல்லாமல் விட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது அவர்கள் வருகையாளர் விசாவில் ஆண்டுக்கு ஒருமுறை வந்து மூன்று, நான்கு மாதங்கள் தங்குகிறார்கள். பயணக் காப்பீடு எடுக்கிறோம். கனடாவிலிருந்து எழுதிய சகோதரி சொன்னபடி இம்முறை மருந்துச் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அப்பா இங்கே இருக்கும் நாட்களில் முன்பைவிட அதிகம் பேசுகிறார். புறப்படும் தேதியை அவரே முடிவு செய்கிறார்.

ஒன்று மட்டும் தீரவில்லை. இருவரில் ஒருவர் மட்டும் எஞ்சும் காலம் வந்தால் என்ன செய்வது? நான் மறுபடியும் ஐ-130 மனுப் போட முடியும். தங்கை தன் வேலையை விட்டுவிட்டுப் போய் இருக்கவும் கூடும். எதையும் நாங்களாகத் தீர்மானிக்கக் கூடாது என்று சென்ற வாரம் அப்பாவிடமே கேட்டேன். அம்மாவைக் கேள் என்றார். அம்மாவிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். காத்திருக்கிறேன்.